வேலை கட்டின ஊரு: பாடி, அம்பத்தூர், ஆவடி

ஆவடிங்கற பேருக்கு நம்ம மக்கள் ஒரு விளக்கம் வெச்சிருக்காங்க, கேட்டிருப்பீங்க. கவச வண்டிகள், வெடிமருந்து, கிடங்கு, இந்தியா... இந்த வார்த்தைகளோட இங்கிலீஷ் முதலெழுத்துக்களைச் சேர்த்தா ஆவடி வருதாம். டாங்க் தொழிற்சாலை வந்ததால ஊருக்கு அந்தப் பேராம். வாட்ஸப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துடும்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷக்கணக்கு இடிக்குதே! காங்கிரஸ் மாநாடு ஆவடியில நடந்தது 1955 ஜனவரியில. 'சோஷலிச பாணி சமுதாயம்'னு நேரு தலைமுறை தீர்மானம் போட்டு, பாடப்புத்தகத்துல ஒரு மதிப்பெண் கேள்வியா வந்துச்சே, அதே மாநாடுதான். ஆவடியில முதல் டாங்க் வெளியே வந்தது 1965 டிசம்பரில். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஊர் பேரு ஆவடிதான். ஆக, தொழிற்சாலை ஊருக்குப் பேர் வைக்கல. ஆனா மத்ததையெல்லாம் அதுதான் வெச்சது: ஜனத்தொகை, தெரு, ரயில் நேரம், சம்பளத் தேதி, ஞாயிற்றுக்கிழமை எல்லாமே. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க :)

ஏரியும் ரயிலும்

இது ஒண்ணும் பொட்டல் காடு இல்லை. பாடியிலிருக்கும் திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடியது. சுத்திலும் ஏரிகள்: அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி. ஒண்ணு நிரம்பினா அடுத்ததுக்குத் தண்ணி போகும்படி சங்கிலி மாதிரி அமைஞ்சவை. ஏரி இருந்தா நெல் இருக்கும், நெல் இருந்தா கோயில் இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்தப் பகுதியின் 'இண்டஸ்ட்ரி' விவசாயம்தான்.

1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடினது. அந்தப் பாதை பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாத்தான் போச்சு. இன்னிக்கு நாம தொங்கிட்டுப் போற அதே லைன்தான். ரயில் வந்ததோட பெரம்பூரில் ரயில்வே பணிமனையும் வந்தது. இரும்பைக் காய்ச்சி, கடைஞ்சு, அளந்து, பொருத்துற வேலை இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பழகினது அங்கேதான். அப்புறம் பெரம்பூர் பக்கமே பின்னி மில்கள் வந்தன. 1918-ல இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளிகளிடமிருந்துதான் பிறந்தது.

ஆக, மேற்குப் புறநகருக்குத் தொழில் வர்றதுக்கு முன்னாடியே பக்கத்துல தொழில் தெரிஞ்ச கைகளும், சங்கம் தெரிஞ்ச தலைகளும் இருந்தன. இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து

பாடியில ஏன் இவ்வளவு ஆட்டோமொபைல் கம்பெனிகள்? "டி.வி.எஸ். காரங்க நிலம் வாங்கினாங்க, கட்டினாங்க"னு ஒரே வரியில முடிச்சிடலாம். ஆனா அவங்க ஏன் அப்ப வாங்கினாங்கங்கறதுதான் சுவாரசியம்.

சுதந்திரம் வந்த புதுசுல கார், லாரி எல்லாம் பெட்டி பெட்டியா வெளிநாட்டிலிருந்து வரும். இங்கே பூட்டி விப்பாங்க. 1953-ல மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது: இந்தியாவிலேயே பாகங்கள் செய்யத் திட்டம் இல்லாதவங்க, வெறுமனே பூட்டிக் கொடுக்கிறவங்க, கடையைக் கட்டணும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. (ஃபோர்டு 1990-களில் மறைமலைநகருக்கு வந்து, 2021-ல மறுபடி கிளம்பறேன்னு அறிவிச்சது வேற கதை. போறது அவங்களுக்குப் பழக்கம் போல!)

சென்னைப் பக்கம் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948-ல ஆரம்பிச்சு, 1955-ல அசோக் லேலண்டா மாறியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். இவங்க எல்லாருக்கும் இப்ப பிரேக் உள்ளூர்ல வேணும், சக்கரம் உள்ளூர்ல வேணும், டைனமோ உள்ளூர்ல வேணும். இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடையாது.

இங்கே டி.வி.எஸ். உள்ளே வர்றாங்க. 1911-ல மதுரையில ஆரம்பிச்ச குழுமம். பஸ் விட்டாங்க, வண்டி வித்தாங்க, உதிரி பாகம் வித்தாங்க. எந்தப் பாகம் எப்ப உடையும்னு அவங்களுக்கு அத்துப்படி. பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கோ இந்தியாவுல விக்கணும்னா இந்தியாவுல செய்யணும். ரெண்டு பேரும் கை கோத்தாங்க. 1960-ஐ ஒட்டிய ரெண்டு மூணு வருஷத்துல பாடியில வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன்னு வரிசையா வந்துடுச்சு. 1966-ல சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. சக்கரம், ஸ்டார்ட்டர், பிரேக், போல்ட்டு... ஒரு லாரியைப் பிரிச்சுப் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கம்பெனி வெச்ச மாதிரி.

அம்பத்தூர் பக்கம் முருகப்பா குழுமம். பர்மாவுல லேவாதேவி பண்ணின செட்டியார் குடும்பம். அங்கேயிருந்த முதலை இந்தியாவுக்குக் கொண்டு வந்து தொழிலில் போட்டவங்க. 1949-ல இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட சேர்ந்து தொடங்கின கம்பெனியிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள் வந்தது. நம்ம தாத்தாக்கள் வாத்தியார் வேலைக்குப் போன சைக்கிள்! 1959-ல டன்லப் டயர் தொழிற்சாலையும் அம்பத்தூருக்கு வந்தது.

அரசாங்கமும் சும்மா இல்ல

1955 அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூரில் ஐ.சி.எஃப்.-ஐ நேரு திறந்து வெச்சார். சுவிட்சர்லாந்து தொழில்நுட்பத்துல ரயில் பெட்டி. ஆவடியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே ராணுவக் கிடங்குகள் இருந்தன. அதையொட்டி 1960-களில் ராணுவ உடைத் தொழிற்சாலையும், கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. முதல் டாங்க் 'விஜயந்தா', பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு. பிறகு ரஷ்ய டாங்குகள், அப்புறம் இங்கேயே வடிவமைச்ச அர்ஜுன். 1976-ல போர் வாகன ஆராய்ச்சிக் கூடமும் இங்கேயே வந்துடுச்சு.

எல்லாமே பெரிய மீன்கள். சின்ன மீன்களுக்கு? அதுக்குத்தான் எஸ்டேட். அரசாங்கமே ஷெட் கட்டி, ரோடு போட்டு, கரண்டு கொடுத்து, "வாப்பா, மெஷினை மட்டும் எடுத்துட்டு வா"ன்னு சின்ன முதலாளியைக் கூப்பிடற ஏற்பாடு. 1958-ல கிண்டி எஸ்டேட். அது நிரம்பினதும் 1964-ல அம்பத்தூர். ஏறத்தாழ 1,400 ஏக்கர். காமராஜர் திறந்தார்னு பலரும் சொல்லுவாங்க. அவர் 1963 அக்டோபரிலேயே முதல்வர் பதவியை விட்டுட்டார், 1964-ல முதல்வர் பக்தவத்சலம். ஆனா இந்த எஸ்டேட் யோசனைக்கெல்லாம் அடித்தளம் காமராஜர் ஆட்சியில போட்டது, அப்ப தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன் (ஆமாம், பின்னாடி ஜனாதிபதி ஆனவரேதான்). மெஷின் வாங்கக் கடன் தர 1949-லிருந்தே மாநில அரசோட தொழில் முதலீட்டுக் கழகம் இருந்தது.

இப்ப படத்தை முழுசா பாருங்க. வடக்குல எண்ணூர் லாரி, கிழக்குல பெரம்பூர் ரயில் பெட்டி, மேற்குல ஆவடி டாங்க், பக்கத்துலயே பாடி பிரேக், அம்பத்தூர் சைக்கிள். நடுவுல ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் பட்டறைகள். எல்லாரையும் கோத்துக் கட்டுற ஒரு ரயில் லைன். எஸ்டேட்டுக்குன்னே பட்டரவாக்கம் ஸ்டேஷன். இதைவிட நல்ல 'ஆர்க்கிடெக்சர்' எந்த சாஃப்ட்வேர்லயும் நான் பார்த்ததில்லை, சத்தியமா.

லேத்துக்குப் பின்னாடி நின்ன மனுஷன்

எங்க பெரியப்பா எஸ்டேட்டில் டர்னர். செய்யாறு பக்கத்திலிருந்து 1980-களில் வந்தவர். ஐ.டி.ஐ. முடிச்சு, அப்ரன்டிஸா சேர்ந்து, லேத்துல நின்னவர். அவர் சொல்லித்தான் இந்த உலகம் எப்படி இயங்குதுன்னு எனக்குப் புரிஞ்சது.

பெரிய கம்பெனி எல்லாத்தையும் தானே செய்யாது. ஒரு டிராயிங்கும் கச்சாப் பொருளும் சின்னக் கம்பெனிக்குக் கொடுக்கும். இவங்க கடைஞ்சு, துளை போட்டு, சாணை பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும். இதுக்குப் பேர் ஜாப் ஒர்க். ஒரு பட்டறைக்கு லேத் இருக்கும், ஹீட் ட்ரீட்மென்ட் இருக்காது. அதுக்கு ரெண்டு தெரு தள்ளிப் போகணும். முலாம் பூச இன்னொரு தெரு. ஒரு சின்னப் பின் அஞ்சு ஷெட்டு ஏறி இறங்கி, மீன்பாடி வண்டியிலயோ டெம்போவிலயோ ஊர்வலம் போய்த்தான் பாடிக்குப் போய்ச் சேரும். எல்லாரும் பக்கத்துல இருந்ததாலதான் இது ஓடினது. ஒரு ஷெட்டைத் தூக்கி நாப்பது கிலோமீட்டர் தள்ளி வெச்சா அது செத்துடும், ஏன்னா அதோட உறுப்பு பாதி பக்கத்து ஷெட்டுல இருக்கு.

அப்புறம் ஏணி. பெரியப்பா கூட வேலை பார்த்தவர்களில் சிலர், பத்துப் பதினஞ்சு வருஷம் கைப்பழக்கம் வந்ததும், பழைய லேத் ஒண்ணு வாங்கி வாடகை ஷெட்டுல தனியா போட்டுட்டாங்க. முதல் ஆர்டர் பெரும்பாலும் பழைய முதலாளியே கொடுப்பார். தொழிலாளி முதலாளி ஆகறதுக்கு ஒரு வழி இருந்தது, அது குறுகலா இருந்தாலும். பெரியப்பா அந்தப் பக்கம் போகல. "பணம் வர தொண்ணூறு நாள் ஆகும்டா, அதுவரைக்கும் பசங்க சம்பளத்துக்கு எங்க போறது?"ன்னுவார். அந்தத் தொண்ணூறு நாள்தான் எத்தனையோ பட்டறைகளைக் கொன்னது. 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006-ல சட்டமே வந்தாச்சு. ஆனா ஆர்டர் கொடுக்கிறவன் மேலயே புகார் எழுத எவனுக்குத் தைரியம் வரும், சொல்லுங்க.

அவர் சம்பளம் பெருசு கிடையாது. ஆனா பி.எஃப். இருந்தது, இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, தீபாவளி போனஸ் இருந்தது. அதை வெச்சு கள்ளிக்குப்பம் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கி, ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வேலைன்னு வீடு கட்டினார். ஒரு வருஷம் தளம், ஒரு வருஷம் பூச்சு, ஒரு வருஷம் கேட்டு. அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயில் தெருக்களில் நடந்து பாருங்க. பாதி வீடுகள் இப்படித்தான், போனஸ் போனஸா வளர்ந்தவை.

எண்கள் சொல்ற கதை

இப்ப ஜனத்தொகைக்கு வருவோம். 2001-லிருந்து 2011-க்குள்ள அன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மக்கள் தொகை 43 லட்சத்திலிருந்து 46 லட்சம். வெறும் 7 சதவீதம். அதே பத்து வருஷத்துல அம்பத்தூர் 3 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 4.66 லட்சம். ஆவடி 2.3 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 3.46 லட்சம். ரெண்டுமே 50 சதவீதத்தைச் சுத்தி! திருவள்ளூர் மாவட்டம் முழுசும் சேர்த்தே 35 சதவீதம்.

2011 அக்டோபரில் சென்னை 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆச்சு, அம்பத்தூர் அதுல ஏழாவது மண்டலம் ஆச்சு. ஆவடி தனியா நின்னு 2019-ல தானே ஒரு மாநகராட்சி ஆச்சு. 2021-ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கல, 2027-ல எடுப்போம்னு 2025-ல அறிவிப்பு வந்தது.

என் கேள்வி இதுதான். ஜனம் 50 சதவீதம் ஏறின அந்தப் பத்து வருஷத்துல தொழிற்சாலை வேலையும் ஏறுச்சா?

இல்லை. தலைகீழ். 1996-ல பின்னி மில் மூடியாச்சு. டன்லப் 1998-லிருந்து மூடித் திறந்து, மூடித் திறந்து, 2010-களில் ஒரேயடியா நின்னுடுச்சு. அந்த கேட்டு முன்னாடி பந்தல் போட்டு உட்கார்ந்த மனுஷங்க நிலுவைச் சம்பளத்துக்காகத்தான் உட்கார்ந்தாங்க, வேலை திரும்ப வரும்னு யாருக்கும் நம்பிக்கை இல்லை. புது கார் கம்பெனிகளோ இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு தெற்கு-மேற்காப் போயிட்டாங்க. அங்கே நூத்துக்கணக்கான ஏக்கர், அகலமான ரோடு, துறைமுகத்துக்கு நேர் வழி. பாக உற்பத்தியும் பின்னாடியே போச்சு. 2008-லிருந்து நாலஞ்சு வருஷம் மின்வெட்டு. ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத பட்டறை ஷிஃப்டை இரவுக்கு மாத்துச்சு, அப்புறம் ஆளைக் குறைச்சது, அப்புறம் ஷட்டரை இறக்குச்சு. 2016-ல பணமதிப்பிழப்பு, 2017-ல ஜி.எஸ்.டி., 2020-ல ஊரடங்கு. எண்ணிக்கிட்டே போகலாம்.

அப்ப வந்த ஜனம் எதுக்கு வந்தது? வீட்டுக்கு. வாடகை கம்மி, ரயில் இருக்கு, ஸ்கூல் இருக்கு. வேலைக்காகப் பிறந்த ஊரு, வேலை குறைஞ்ச காலத்துலதான் வேகமா வளர்ந்தது. முன்னாடி காலை ரயில் பட்டரவாக்கத்துல ஆளை இறக்கும். இப்ப அதே ஸ்டேஷனில் ஏத்திக்கிட்டும் போகுது.

அதே ஷெட், வேற மெஷின்

வேலை மொத்தமா போச்சுன்னும் சொல்ல முடியாது. ஆள் மாறிட்டாங்க. முதல்ல ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகள், பெரும்பாலும் பெண்கள். திருத்தணி, அரக்கோணம் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலிலும் கம்பெனி வேனிலும் வர்றவங்க. பெரியப்பா காலத்துல எஸ்டேட்டுன்னா ஆம்பளைங்க உலகம். அதை உடைச்சது தையல் மெஷின்தான், எங்க கம்ப்யூட்டர் இல்லை. அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்க. ஷெட்டு மாடியிலேயே தங்கி, லேத், பிரஸ், முலாம் பட்டறையில நிக்கிறாங்க. பெரியப்பா செய்யாறிலிருந்து வந்த அதே காரணத்துக்காகத்தான் இவங்களும் வந்திருக்காங்க. ஒரே வித்தியாசம், இவங்கள்ல பல பேருக்கு கான்ட்ராக்டர்தான் முதலாளி. போனஸும் இல்லை, அரை கிரவுண்டும் இல்லை.

கடைசியா நாங்க வந்தோம். 2000-களில் பழைய தொழிற்சாலை மனைகளில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைச்சன. நான் வேலை பார்க்கிறதும் எஸ்டேட்டுக்குள்ள அப்படி ஒரு கட்டடத்துலதான். (கம்பெனி பேரு வேண்டாம், ஹெச்.ஆர்.ல ஒருத்தர் தமிழ் நல்லாப் படிப்பாங்க :)) நாலாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தா கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுக்குள்ள யாரோ இரும்பு கடையுறாங்க. 2024 நவம்பரில் பட்டாபிராமிலும் 21 மாடி டைடல் பார்க் திறந்தாச்சு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அரசுத் துறையா இல்லாம 2021 அக்டோபரிலிருந்து ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் போயிடுச்சு. மேற்குப் பக்கம் மறுபடி ஒரு சுத்து மாறுது.

நாங்க யோசிச்சுப் பார்த்தா நாங்களும் ஜாப் ஒர்க்தான் பண்றோம். டிராயிங் அமெரிக்காவிலிருந்து வருது, கடைஞ்சு அனுப்புறோம். ஒரு ஷெட்டுல கோடிங், ரெண்டு தெரு தள்ளி டெஸ்டிங். ஆர்டர் நின்னா பெஞ்ச். சங்கம் மட்டும் கிடையாது. பெரம்பூரில் 1918-ல பஞ்சு நூல் ஓட்டினவனுக்குத் தோணின விஷயம், எம்.சி.ஏ. படிச்ச நமக்கு ஏன் தோணலைங்கறது தனிப் பதிவா எழுத வேண்டியது.

ஆனா ஒரு பெரிய வேறுபாடு இருக்கு, எனக்கு அதுதான் கவலை. லேத் பட்டறை போனா கைப்பழக்கம் இங்கேயே தங்கினது. டன்லப் மூடினப்ப அங்கேயிருந்த ஃபிட்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போனான், எலெக்ட்ரீஷியன் தெருவுல கடை போட்டான். ஒரு கம்பெனி செத்தாலும் ஊர் சாகல, ஏன்னா ஆயிரம் ஷெட்டு சுத்தி இருந்தது. கண்ணாடிக் கட்டடம் காலியானா பக்கத்து ஷெட்டுக்கு நான் போய் என்ன செய்வேன்? வாடகை ஒப்பந்தம் முடிஞ்சா கம்பெனி அடுத்த மாசமே வேற ஊர். அதனால எஸ்டேட்டுக்குள்ள இன்னும் மிச்சமிருக்கிற சின்னப் பட்டறைகளை 'நிலத்தை வீணாக்குறாங்க'ன்னு பார்க்கிறது தப்புக் கணக்கு. மனை விலையை வெச்சு பார்த்தா அவங்க போகணும். ஊர் தாங்கணும்னா அவங்க இருக்கணும்.

ஏரிக்கு யார் கொடுப்பா பி.எஃப்.?

லாபக் கணக்கு மட்டும் எழுதிட்டுப் போனா நல்லா இருக்காது. முலாம் பட்டறை கழிவும், வீட்டுச் சாக்கடையும் மழைநீர்க் கால்வாய் வழியா கொரட்டூர் ஏரிக்குப் போனது ஊரறிஞ்ச விஷயம். குடியிருக்கிற ஜனங்களே சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போய்ப் போராட வேண்டி வந்தது. ஏரி சங்கிலின்னு முதல்ல சொன்னேனே, ஒரு கண்ணியில விஷம் விழுந்தா அடுத்த கண்ணிக்கும் போகும். தொழிலுக்கும் தண்ணிக்கும் சண்டைன்னு இதைச் சுருக்க வேண்டாம். சின்னப் பட்டறைகள் சேர்ந்து கழிவைச் சுத்திகரிக்க வசதி செய்யறது ஷெட் கட்டிக் கொடுத்த மாதிரியேதான், அரசாங்கம் முன்னாடி நின்னா முடியும். 1964-ல ரோடும் கரண்டும் கொடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதுவும் தெரியணும்.

மொத்தமா எனக்குப் புரிஞ்சது: இந்த ஊரு தானா வளரல. ஒரு ரயில் பாதை, ஒரு இறக்குமதித் தடை, ஒரு எஸ்டேட், இப்படி யாரோ யோசிச்சு எடுத்த முடிவுகள்தான் செய்யாறுக்காரரை டர்னரா, டர்னரை வீட்டுக்காரரா ஆக்கினது. அடுத்த தலைமுறைக்கான முடிவு எங்கேயாவது எடுக்கப்படுதான்னு கேக்க வேண்டியது இங்கே வரி கட்டுற நம்ம வேலை.

உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு கதை இருக்கும். கோயம்புத்தூர் பீளமேடு ஆளுங்க, ஓசூர் ஆளுங்க, திருச்சி திருவெறும்பூர் மக்கள்... உங்க வீட்டுப் பெரியப்பாக்கள்கிட்ட கேட்டு எழுதுங்க. அவங்க இருக்கும்போதே கேட்டாத்தான் உண்டு.